தகடு முடியும் இடம்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும், போன வாரம் நான் அங்கே எட்டிப் பார்க்க வந்தபோது என்னை ஒன்று கேட்டீர்கள். அடி வாங்கி வந்த லாரிக்குச் சேசிஸ் வேலை முடிந்ததும் அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு அடிக்கிறோம். ஒட்டுத் தகட்டின் இரண்டு முனைகளில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து விடுகிறோம். அது எதற்கு என்று கேட்டீர்கள். உங்களில் ஒருவர், "திருஷ்டிக்கா சார்?" என்றுகூடக் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அப்படி மழுப்பியது எனக்கே பிடிக்கவில்லை. ஃபோர்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. இனி மறைத்து வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நான் கெட்டிக்காரத்தனமாக எதையோ கண்டுபிடித்த கதை இல்லை. அந்த மாதிரிக் கதைகளைப் பட்டறை வாசல் டீக்கடையில் நானே நிறைய அளந்திருக்கிறேன். இந்தக் கதையை மட்டும் அங்கே ஒரு நாளும் சொன்னதில்லை.

தவசி என்று ஒருவன். செக்கானூரணிக்கு மேற்கே ஊர். இருந்த நிலத்தில் முக்கால்வாசியை விற்று ஒரு லாரி வாங்கி, அவனே ஓட்டிக்கொண்டிருந்தான். சோழவந்தான் பக்கத்து நெல் மூட்டைகளை அரிசி ஆலைக்கு ஏற்றிப் போவது அவன் பிழைப்பு. ஒரு மழை நாளில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய், ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வண்டி ஏறிவிட்டது. நடு வயிறு சுவரில் குந்திக்கொள்ள, முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் நின்றன. அவன்மேல் ஒரு கீறல் இல்லை. வண்டிக்குத்தான் அடிவயிறு முழுக்கக் கிழிந்துவிட்டது. கிரேன் வைத்துத் தூக்கி, பசுமலை தாண்டி இருந்த எங்கள் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள்.

அடியில் படுத்துப் பார்த்தேன். டீசல் டேங்க் நசுங்கியிருந்தது, எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற ஜாயிண்ட் ராடு வளைந்திருந்தது. அதெல்லாம் மாற்றுகிற சாமான். சேசிஸின் இடது சட்டம் வளைந்து போயிருந்ததுதான் பெரிய விஷயம். புதுச் சட்டம் கேட்டால் கம்பெனியிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அறுவடை தொடங்கியிருந்தது. மூன்று மாதம் வண்டி நின்றால் ஆலைக்காரர்கள் வேறு லாரியைப் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் தவசியைக் கூப்பிட மாட்டார்கள். சட்டத்தை நிமிர்த்தி, உள்பக்கம் தகடு கொடுத்து எழுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவைத் தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். நிமிர்த்திய சட்டத்தில் வருடக்கணக்காக ஓடிய வண்டிகள் உண்டு. ஆனால் அந்த வண்டிகளை யாரோ ஒருவர் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

வேலை முடிய பத்தொன்பது நாள் ஆனது. வண்டி எடுப்பதற்கு முதல் நாள் தவசி வந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான், ஆனால் ஏறவில்லை.

"என்னப்பா, ஏறி ஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்றேன்.

"பண்றேன்ணே. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். பேச்சியும் கேட்டுட்டு வரச் சொல்லுச்சு." பேச்சி அவன் மனைவி. "இந்த வண்டிய நம்பி நான் இனி ஏறலாமாண்ணே? நீங்க ஏறாதனு சொன்னா எடைக்குப் போட்டுட்டு வேற பொழப்பப் பாக்குறேன். வெளையாட்டுக்குச் சொல்லல."

இப்படி ஒருவன் உங்களிடம் கேட்கும்போது நெஞ்சு சற்று நிமிர்ந்துகொள்ளும். எனக்கும் நிமிர்ந்தது. "நான் பாத்த வண்டிப்பா இது. தைரியமா ஏறு" என்றேன். அதோடு நிறுத்தாமல், ஒரு ஃபோர்மேன் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "மாசம் ஒரு தரம் அடியில குனிஞ்சு பாரு. தகடு முடியுற எடம் ரெண்டு இருக்கு பாரு, அங்க செவப்பா துருக் கோடு மாதிரி எதாச்சும் தெரிஞ்சா ஓட்டாத. அப்படியே நிப்பாட்டிட்டு எனக்கு போன் போடு. சந்தேகமா இருந்தா போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பு."

"சரிண்ணே. அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்கு சூடம் காட்டுவேன். அன்னைக்கே பாத்துர்றேன்."

ஏன் தகடு முடியும் இடம் என்று உங்களுக்கு வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். தகடு வைத்த பாகம் விறைப்பாக நிற்கும். அதைத் தாண்டிய பழைய சட்டம் வளைந்து கொடுக்கும். ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு பள்ளமும் மேடும் இரண்டும் சேருகிற அந்த ஒரு விரற்கடை இடத்தில் வந்து உட்காரும். பார்க்க வேண்டிய இடத்தைத் தவசிக்கு நான் சரியாகத்தான் காட்டினேன்.

எங்கள் பக்கத்தில் அடிபட்டு எழுந்த வண்டியை நேராக லோடுக்கு விட மாட்டார்கள். முதலில் பாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிய பிறகுதான் லோடு. அங்கே வந்து நிற்கிற மற்ற டிரைவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு தரம் குனிந்து அடியில் எட்டிப் பார்ப்பார்கள். ஒட்டு கண்ணில் பட்டால் அன்றைக்கே அதற்கு 'குந்துன வண்டி' என்று பேர் விழுந்துவிடும். அந்தப் பேரோடு சேர்த்து, வேலை பார்த்த பட்டறையின் பேரும் நாலு இடத்துக்குப் போகும். அதனால் பூஜைக்கு முன்னால் அடிப்பாகத்தை மொழுமொழுவென்று கறுப்பாக்கிக் கொடுப்பது எங்கள் பழக்கம். சாதாரண பெயிண்ட் இல்லை, தார் கலந்தது. தோல் மாதிரி கெட்டியாக உட்காரும், வெல்டிங் சூட்டில் நிறம் மாறிய இடம்கூடத் தெரியாது.

எங்கள் வெல்டர் ஜமால் பாய். கோரிப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அதிகம் பேசாத மனிதர். அன்று சாயங்காலம் தார் டின்னைத் திறக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, முழுக்க அடிங்க, வேணாங்கல. தகடு முடியுற எடம் ரெண்ட மட்டும் விட்டுருங்க. அங்க வெள்ள பெயிண்ட் மெல்லிசா ஒரு கை அடிச்சாப் போதும். விரிசல் விட்டா வெள்ளைல துரு பளிச்சுனு தெரியும்."

"பாய், நாளைக்குக் கோயிலுக்குப் போற வண்டி. கறுப்புல ரெண்டு வெள்ளப் பட்டை அடிச்சு விட்டா, ஒட்டு இங்கதான்னு நாமளே போர்டு வச்ச மாதிரி ஆயிரும்."

"ஆகட்டுமேண்ணே."

"நம்ம வேலமேல ஒங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"வேலையச் சொல்லலண்ணே. அந்த வெல்டு நான் வச்சது. அதான் சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பத்துப் பேர் முன்னால் ஃபோர்மேனுக்கு யோசனை சொல்கிறாரே என்ற கோபம்தான், வேறொன்றும் இல்லை. "போய் அடுத்த வேலயப் பாருங்க பாய்" என்றேன். அவர் போய்விட்டார். தகடு முடிகிற இரண்டு இடத்திலும் இன்னும் ஒரு கை கூடுதலாகத் தார் அடிக்கச் சொன்னேன்.

துருக் கோடு தெரிகிறதா என்று மாதாமாதம் பார் என அவனிடம் சொன்னவன் நான். அந்த இடத்தைத் தார் போட்டு மூடியவனும் நானே. இரண்டையும் ஒரே நாளில் செய்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

வண்டி நன்றாக ஓடியது. தவசி சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் காலையில் போனில் இரண்டு போட்டோ வந்துவிடும். முன் முனை ஒன்று, பின் முனை ஒன்று. அடியில் படுத்து, கையை நீட்டி எடுத்திருப்பான். சில படங்களில் அவன் காதும் விபூதி நெற்றியும் ஓரத்தில் தெரியும். முதல் நாலைந்து மாதம் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, இஞ்ச் இஞ்சாகப் பார்த்து, 'நல்லா இருக்கு' என்று எழுதி அனுப்பினேன். அப்புறம் எழுதுவது நின்று, கட்டைவிரல் படம் அனுப்ப ஆரம்பித்தேன். ஒரு தட்டு தட்டினால் போய்விடும், சௌகரியம். அதற்கும் அப்புறம், படம் முழுசாக இறங்குவதற்கு முன்பே கட்டைவிரல் போய்விடும். கல்யாணப் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தரம் அனுப்பினேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம்.

ஒரு அமாவாசை அன்று வேலை மும்முரத்தில் போனையே எடுக்கவில்லை. உச்சிப்பொழுதுக்கு அவனே கூப்பிட்டான்.

"அண்ணே, போட்டோ வந்துச்சாண்ணே?"

"வந்துச்சுப்பா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ என்ன, ஸ்கூல்ல வீட்டுப்பாடம் காட்டுற மாதிரி விடாமக் காட்டிக்கிட்டு" என்று கிண்டல் செய்தேன். அவனும் சிரித்தான். போனை வைத்த பிறகும் நான் அந்தப் படங்களைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் வண்டி தன் பங்குக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது வருடம், டீசல் டேங்க் பிடிமானம் இரண்டு தரம் விட்டது. முடுக்கிக் கொடுத்தோம். ஜாயிண்ட் ராடைத் தாங்குகிற பேரிங்கின் ரப்பர் ஐந்து மாதத்தில் கிழிந்தது. மாற்றிக் கொடுத்தோம். "லோடு ஏத்துனா எடது பக்கம் லேசா எறங்குற மாதிரி இருக்குண்ணே" என்றான். ஸ்பிரிங் பட்டை இரண்டு மாற்றினோம். வந்த ஒவ்வொரு குறைக்கும் வைத்தியம் பார்த்தேன். மூன்றையும் சேர்த்து வைத்து, இது எல்லாம் ஏன் ஒரே பக்கத்தில் வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. வருடா வருடம் எஃப்.சி. தகுதிச் சோதனைக்கும் ஆயுத பூஜைக்கும் வண்டி எங்களிடம்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் அடியில் இன்னொரு கை தார் ஏறியது.

கோச்சடையில் பஞ்சர் பார்க்கிற கடையில் ஒரு மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "இம்புட்டு கெட்டியா பூசி வச்சிருக்காங்களே, ஒரு தரம் சொரண்டிப் பாத்துருவமா?" என்று கேட்டாராம். தவசி அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான். "அண்ணே பாத்த வண்டியச் சொரண்டுறதுக்கு நீ யாருன்னு கேட்டுட்டேண்ணே" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற டீ அது.

மூன்றாவது ஆயுத பூஜை முடிந்து எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. தேனி ரோட்டில், நெல் லோடோடு ஒரு பாலத்து இறக்கத்தில் வண்டி நடுவில் ஒடிந்துவிட்டது. ஜாயிண்ட் ராடு ரோட்டில் குத்தி, ஸ்டியரிங் கேட்காமல், வண்டி புளியமரத்தில் போய் முட்டியிருக்கிறது. தவசியைக் கேபினிலிருந்து எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆனதாம். வலது கால் சிக்கிக்கொண்டது. முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, முதலில் வண்டியிடம் போனேன். எதற்கு என்று கேட்டால், என் தகடு உடைந்திருக்கக் கூடாதே என்ற நினைப்பு. அந்த நேரத்திலும் எனக்கு அந்த நினைப்புதான் இருந்தது. ஜமால் பாயும் கூட வந்தார். இருவரும் அடியில் புகுந்தோம். தகடு உடையவில்லை, வெல்டும் உடையவில்லை. தகடு முடிந்த இடத்தில், முன் முனையில், சட்டம் இரண்டாகக் கிடந்தது. ஒடிந்த வாயில் முக்கால்வாசி கறுத்துப் பழைய துருவாக இருந்தது. மேல் ஓரத்தில் கொஞ்சம் மட்டும்தான் அன்றைக்கு ஒடிந்ததாகப் பளபளத்தது. பல மாதமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த விரிசல். அதன்மேல் நாங்கள் அடித்த தார் உரிந்து தோல் மாதிரித் தொங்கியது.

பாய் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். நான் அங்கேயே குந்தி உட்கார்ந்து போனை எடுத்தேன். தவசி அனுப்பிய படங்கள் எல்லாம் இருந்தன, முப்பது அமாவாசைக்கு மேல். முன் முனையை மட்டும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு. கடைசி ஏழு படங்களில் மட்டும் தாரில் ஒரு சுருக்கம். தலைமுடி கனத்துக்கு, கீழிருந்து மேலாக. டிரைவர் கண்ணுக்கு அது தெரியாது. அவனிடம் நான் சிவப்புக் கோட்டைப் பார் என்றுதானே சொல்லி வைத்திருந்தேன்? என் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஏழு படத்துக்கும் கீழே ஏழு கட்டைவிரல் இருந்தன.

பெரியாஸ்பத்திரிக்கு மறுநாள் போனேன். தவசி என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். கை எடுத்துக் கும்பிட்டான்.

"மன்னிச்சுருங்கண்ணே. நான் சரியாப் பாக்கலபோல. மாசாமாசம் பாத்தேன்ணே, ஆனா சரியாப் பாக்கலபோல. ஒங்க பேரக் கெடுத்துட்டேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. "அதெல்லாம் இல்லப்பா, நீ ஒடம்பப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆரஞ்சுப் பழப் பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். புண் ஆறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவன் புண்ணைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அவன் மன்னிப்புக் கேட்டது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியத்தில் இரண்டு மாதம் இருந்தேன். அந்த இரண்டு மாதமும் வீட்டில் உட்கார்ந்தபடி, நான் சரியாகப் பார்க்கவில்லை, நான் சரியாகப் பார்க்கவில்லை என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். ஜமால் பாய்தான் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "அவன் கால நெனச்சு அழுகலண்ணே. கண்ணு சரியில்லயோனு அழுகுறான். போய்ச் சொல்லிருங்கண்ணே" என்றார். வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்டது இரண்டே இரண்டு விஷயம். ஒன்றை நான் மறுத்திருந்தேன்.

மறுநாளே தவசியின் வீட்டுக்குப் போனேன். அவன் நாற்காலியில் இருந்தான். பேச்சி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். போனை எடுத்து அவனிடம் கொடுத்தேன். தார் பூசியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜமால் பாய் வெள்ளை அடிக்கச் சொன்னதையும், நான் மறுத்ததையும் சொன்னேன். கடைசி ஏழு படத்தில் இருந்த சுருக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

தவசி ஏழு படத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அப்ப நான் சரியாத்தான் பாத்திருக்கேனாண்ணே?" என்று கேட்டான்.

"சரியாத்தான் பாத்தப்பா. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல."

"போட்டோவும் சரியான எடத்துலதான் எடுத்திருக்கேன்?"

"ஆமாப்பா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். நிம்மதியில் அழுதான் என்பது எனக்குத் தெரிந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அதன் பிறகு நான் பட்டறையில் இருந்தவரை, தகடு முனையில் வெள்ளை அடிக்காமல் ஒரு வண்டியும் வெளியே போகவில்லை. கோயிலுக்குப் போகிற வண்டியானாலும் சரி, வேண்டாம் என்று ஓனர் சண்டை போட்டாலும் சரி. அதற்குப் பேர்தான் நீங்கள் கேட்ட திருஷ்டி. நாளைக்கு உங்களுக்கும் படங்கள் வரும், என் காலத்தைவிட அதிகமாகவே வரும். பார்க்க நேரம் இல்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். அதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

அன்றைக்கு நான் கிளம்பும்போது பேச்சி வாசல் வரைக்கும் வந்தாள்.

"அண்ணே, அந்தக் கட்டவெரலு... போட்டோவப் பாக்காமத்தான் அனுப்புனீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"அமாவாசைக்கு சூடம் காட்டிட்டு, போனைக் கையில வச்சுக்கிட்டு வண்டிக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருப்பாருண்ணே. எம்புட்டு நேரமானாலும் நிப்பாரு. அந்தக் கட்டவெரலு வந்தப்பறந்தான் வண்டில ஏறுவாரு."